சலூன் நாற்காலியில் துப்பாக்கியைப் பற்றிப் பேசலாமா? 'பார்பர்ஷாப்' மூன்றாம் படம் குறித்து

'பார்பர்ஷாப்' வரிசையின் முதல் இரண்டு படங்களை வயிறு வலிக்கச் சிரித்துப் பார்த்ததாகவும், 2016இல் வெளியான மூன்றாவது படமான 'பார்பர்ஷாப்: தி நெக்ஸ்ட் கட்' கும்பல், துப்பாக்கி, செத்துப்போகும் பிள்ளைகள் என்று திசைமாறியதால் பாதியில் நிறுத்திவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சிரிக்க வைக்க வந்த படம் எதற்காக இந்தப் பாரத்தைத் தூக்கிச் சுமக்கிறது, இது கரிசனமா வியாபாரமா என்பது உங்கள் கேள்வி. இதற்குள் இரண்டு கேள்விகள் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. முடிவெட்டும் கடையின் வாய்ச்சண்டையை மட்டுமே நம்பி நிற்கும் ஒரு நகைச்சுவை வடிவம் ஒரு வட்டாரத்தின் சாவுகளைத் தாங்குமா என்பது ஒன்று. படம் காட்டும் சிகாகோ நிஜமான சிகாகோதானா என்பது மற்றொன்று. பதினெட்டு ஆண்டுகளாகத் திரைக்கதை எழுதக் கற்றுக்கொடுத்துப் பிழைப்பவன் என்ற முறையில் முதல் கேள்விக்குத் தயக்கமின்றிப் பதில் சொல்வேன். இரண்டாவதற்கு, அந்த நகரின் சவுத் சைடு என்ற தெற்குப் பகுதியில் நான்கு ஆண்டு மாணவனாக வாடகைக்கு இருந்தவன் கண்டதும், பின்னர் படித்ததும் தவிர என்னிடம் வேறு முதல் இல்லை. நான் சமூகவியல் படித்தவன் அல்லன்.

படங்களைப் பார்க்காதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் கதையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 2002இல் டிம் ஸ்டோரி இயக்கிய முதல் படம், குளிர்காலத்தின் ஒரே நாளில் நடந்து முடிகிறது. கால்வின் பால்மர் என்ற இளைஞன் (நடித்தவர் ஐஸ் கியூப்), தகப்பனார் விட்டுச்சென்ற சலூனைப் பாரமாக நினைத்து ஒரு கந்துவட்டிக்காரனிடம் 20,000 டாலருக்கு விற்றுவிட்டு, அன்று பொழுது சாய்வதற்குள் மனம் மாறித் திரும்பக் கேட்கிறான். கந்துவட்டிக்காரன் இரண்டு மடங்கு கேட்கிறான். 2004இல் கெவின் ராட்னி சல்லிவன் இயக்கிய இரண்டாம் படத்தில், எதிர்வாடையில் பளபளவென்று ஒரு பெரிய சங்கிலி நிறுவனத்தின் சலூன் திறக்கப்படுகிறது. வட்டாரத்தையே வாங்கிப் புதுப்பிக்க வரும் கட்டுமான நிறுவனத்துக்கு நகரசபை உறுப்பினர் ஒருவர் துணை நிற்கிறார். அதன்பின் 12 ஆண்டு இடைவெளி. மால்கம் டி. லீ இயக்கிய மூன்றாம் படம் வரும்போது கால்வினுக்கு விடலைப் பருவத்தில் ஒரு மகன் இருக்கிறான். கடையின் பாதி இப்போது பெண்களுக்கான அழகு நிலையம். வாசலுக்கு வெளியே இரண்டு கும்பல்கள் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டிருக்கின்றன.

இனி வடிவத்துக்கு வருகிறேன். நான் சிகாகோவில் இருந்தபோது 53ஆம் தெருவில் ஒரு கறுப்பர் கடையில்தான் முடிவெட்டிக்கொண்டேன். முதல் தடவை போனபோது எனக்குப் புரியாத விஷயம், அங்கே யாரும் அவசரப்படவில்லை என்பது. எனக்கு வெட்டிக்கொண்டிருந்த பெரியவர், கூடைப்பந்து பற்றியோ மேயரைப் பற்றியோ யாராவது ஏறுக்குமாறாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், மெஷினை அணைத்து, அதை ஒலிவாங்கி போல நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி திரும்பி நின்று வாதாடத் தொடங்கிவிடுவார். இடப்பக்கம் வெட்டி முடிந்து வலப்பக்கம் அப்படியே இருக்க, கழுத்தைச் சுற்றித் துணி இறுக்கிக் கட்டப்பட்ட நிலையில் நான் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எழுந்து போக முடியாது. கேட்டே ஆக வேண்டும். நம்மூர் டீக்கடையில் பேச்சு பிடிக்காவிட்டால் கிளாஸை வைத்துவிட்டு நடையைக் கட்டலாம். சலூன் நாற்காலியில் பாதி வெட்டிய தலையோடு அது நடக்காது. முதல் படத்தை எழுதியவர்கள் பிடித்துக்கொண்ட சூட்சுமம் இதுதான் என்று என் வகுப்புகளில் நான் சொல்வதுண்டு. ஒத்துவராத கருத்துகள் கொண்டவர்களை ஓர் அறைக்குள் வைத்து, எவரும் எழுந்து போக முடியாதபடி துணியைப் போர்த்திவிட்டால் நாடகம் தானாக வந்துவிடும். அது பெரும்பாலும் சிரிப்பாகவும் வரும்.

அந்த அறைக்கு இன்னொரு விதியும் உண்டு: வெளியே சொல்ல முடியாததை அங்கே சொல்லலாம். முதல் படத்தில் செட்ரிக் தி எண்டர்டெய்னர் நடித்த எடி என்ற கிழவர், பேருந்தில் வெள்ளையருக்கு இடம்விட மறுத்துக் கறுப்பர் உரிமைப் போராட்டத்தின் அடையாளமான ரோசா பார்க்ஸ் பேருந்தில் உட்கார்ந்ததைத் தவிர வேறென்ன செய்தார், அவருக்கு முன்பே பலர் அதைச் செய்திருக்கிறார்களே என்று நக்கலாகப் பேசுவார். கறுப்பர் உரிமைத் தலைவர்களான மார்ட்டின் லூதர் கிங்கையும் ஜெஸ்ஸி ஜாக்சனையும்கூட விட்டுவைக்க மாட்டார். கடையில் இருக்கும் அத்தனை பேரும் அவர்மீது பாய்வார்கள் என்பதுதான் காட்சியின் அமைப்பு. ஆனால் படம் வெளியானதும் ஜாக்சனும், அவரைப் போன்ற இன்னொரு தலைவரான அல் ஷார்ப்டனும் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். செட்ரிக் தொகுத்து வழங்கினார் என்பதற்காகவே கறுப்பர் உரிமை அமைப்பு ஒன்று நடத்தும் இமேஜ் விருதுகளின் 2003ஆம் ஆண்டு விழாவுக்கு, அப்போது தொண்ணூறு வயதாகியிருந்த ரோசா பார்க்ஸ் போக மறுத்துவிட்டார். இதில் கவனிக்க வேண்டியது, எடி சொன்னதில் ஒரு துண்டு வரலாற்று உண்மை இருந்தது என்பதே. 1955 டிசம்பர் 1ஆம் தேதி பார்க்ஸ் கைதாவதற்கு ஒன்பது மாதங்கள் முன்பே, அதே மாண்ட்கோமரி நகரில் கிளாடெட் கோல்வின் என்ற 15 வயதுப் பெண் இருக்கையைவிட்டு எழ மறுத்துக் கைதாகியிருந்தாள். ஆகவே, 'முதல் இரண்டு படங்கள் வெறும் சிரிப்பு' என்ற உங்கள் நினைவோடு நான் சற்று முரண்பட வேண்டியிருக்கிறது. இந்த வரிசை முதல் நாளிலிருந்தே வம்பை விலைக்கு வாங்கிய வரிசைதான். அந்த வம்பு அமெரிக்கக் கறுப்பர்களின் வீட்டுச் சண்டையாக இருந்ததால் நமக்கு அதன் சூடு உறைக்கவில்லை.

இரண்டாம் படத்தை விமரிசகர்கள் பொதுவாக முதல் படத்தைவிட ஒரு படி கீழாகவே மதிப்பிட்டார்கள். எனக்கு அதில் இரண்டு இடங்கள் மிகவும் பிடிக்கும். எடி ஏன் நாற்காலி வாடகை கொடுப்பதே இல்லை என்பது முதல் படத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பரிகாசம். அமெரிக்காவில் பல கடைகளில் முடிவெட்டுபவர் சம்பளக்காரர் அல்லர். கடைக்காரருக்கு வாரந்தோறும் நாற்காலிக்கு வாடகை செலுத்திவிட்டு, மிச்சத்தைத் தாம் எடுத்துக்கொள்பவர். அந்தப் பின்னணி தெரிந்தால்தான் பரிகாசம் முழுதாகப் புரியும். இரண்டாம் படம் 1968 ஏப்ரலுக்குப் பின்னோக்கிப் போகிறது. கிங் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி வந்து தெருக்கள் எரிந்துகொண்டிருக்கையில், கால்வினின் தகப்பனார் கடையைக் காக்க எடி துணை நிற்கிறார். அதற்குக் கைம்மாறுதான் ஆயுளுக்கும் அந்த இலவச நாற்காலி. நேற்றுவரை நகைச்சுவைத் துணுக்காக இருந்தது இன்று கடனாகவும் நன்றியாகவும் மாறிவிடுகிறது. தொடர்படத்தால் மட்டுமே செய்யக்கூடிய காரியம் இது. மற்றோர் இடம் நகரசபைக் கூட்டம். கால்வின் லஞ்சத்தை மறுத்துவிட்டு வந்து, அக்கம்பக்கத்தை விற்காதீர்கள் என்று மனமுருகப் பேசுகிறான். நம் படமாக இருந்தால் கைதட்டல் எழுந்து தீர்மானம் தோற்றிருக்கும். இங்கே பேச்சைக் கேட்டுவிட்டுத் திட்டத்தை நிறைவேற்றிவிடுகிறார்கள். இலேசான படம் என்று பெயரெடுத்த ஒன்றில் இந்த நேர்மையை நான் எதிர்பார்க்கவில்லை.

மூன்றாம் படம் எந்த ஊரைக் காட்டுகிறது என்பதற்குக் கொஞ்சம் பின்கதை தேவை. ஏறத்தாழ 1916 முதல் 1970 வரை தென்மாநிலங்களிலிருந்து கறுப்பர்கள் கூட்டங்கூட்டமாகச் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தார்கள்; இறைச்சிக் கூடங்களிலும் எஃகு ஆலைகளிலும் வேலை கிடைத்தது. ஆனால் வெள்ளையர் பகுதிகளில் கறுப்பருக்கு வீடு விற்கக் கூடாது என்ற பத்திரப் பதிவு நிபந்தனைகளாலும், கறுப்பர் பகுதிகளில் கடன் தர மறுத்த வங்கிகளாலும் அவர்கள் நகரின் தெற்கிலும் மேற்கிலும் நெருக்கியடிக்கப்பட்டார்கள். பின்னர் வேலையும் போயிற்று: இறைச்சிக் கூடங்கள் 1971இல் மூடப்பட்டன, ஏரிக்கரையில் இருந்த யு.எஸ். ஸ்டீல் நிறுவனத்தின் சவுத் ஒர்க்ஸ் ஆலை 1992இல் மூடப்பட்டது. ராபர்ட் டெய்லர் ஹோம்ஸ் என்ற அரசுக் குடியிருப்பில் இருந்த அடுக்குமாடிக் கட்டடங்கள் மொத்தம் 28; அவற்றின் கடைசிப் பகுதி 2007இல் இடிக்கப்பட்டது. 2013இல் ஏறக்குறைய ஐம்பது அரசுப் பள்ளிகளை நகர நிர்வாகம் ஒரே வீச்சில் மூடியது. அவற்றில் பெரும்பாலானவை இதே தெற்கு, மேற்குப் பகுதிகளில் இருந்தவை. 2000க்கும் 2010க்கும் இடையில் மட்டும் நகரின் கறுப்பர் தொகை சுமார் 1,80,000 குறைந்தது. கால்வின் தன் கடையைச் சந்தடியில்லாமல் நார்த் சைடுக்கு மாற்றிவிடலாமா என்று மனைவியோடு பேசும் காட்சியை இந்த எண்ணிக்கைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். படத்தில் அது ஒரு தனிமனிதனின் ஊசலாட்டம். ஊரில் அது பத்தாண்டுக்கு மேலாக நடந்துகொண்டிருந்த வெளியேற்றம்.

கொலைகளைப் பொறுத்தவரை ஊர்ஜிதமானவற்றை முதலில் சொல்கிறேன். படம் வெளியான 2016ஆம் ஆண்டில் சிகாகோவில் 750க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். இருபது ஆண்டுகளில் காணாத உயரம் அது. அதே சமயம், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 900ஐத் தாண்டிய காலமும் அந்நகரத்துக்கு உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. கொலைகள் நகரம் முழுவதும் பரவி நிகழ்வன அல்ல; சில வட்டாரங்களில், அங்கும் சில தெருக்களில், அடர்ந்து நிகழ்கின்றன. நான் குடியிருந்த தெருவிலிருந்து சில மைல் மேற்கே போனால் நிலைமையே வேறு. நகர நிர்வாகம் 2017இல் வெளியிட்ட அறிக்கையின்படி, குற்றங்களில் கைப்பற்றப்பட்டு மூலம் கண்டறியப்பட்ட துப்பாக்கிகளில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு வெளிமாநிலங்களில் வாங்கப்பட்டவை; பக்கத்து மாநிலமான இண்டியானாவிலிருந்து மட்டும் ஐந்தில் ஒரு பங்கு. சவுத் சைடிலிருந்து இண்டியானா எல்லைக்குக் காரில் அரை மணி நேரம்கூட ஆகாது.

காரணங்கள் என்று வரும்போதுதான் தரை வழுக்கத் தொடங்குகிறது. பழைய பெரிய கும்பல்களின் தலைவர்கள் தொண்ணூறுகளில் சிறைக்குப் போனபின், கட்டுப்பாடு சிதறி, தெருவுக்கொரு சிறு குழுவாக உடைந்ததால்தான் பகை கண்ட இடத்தில் வெடிக்கிறது என்பது பலர் சொல்லும் விளக்கம். நம்பத்தகுந்ததாகவே எனக்கும் படுகிறது. பள்ளி மூடல், குடியிருப்பு இடிப்பு, காவல்துறைமீது நம்பிக்கை அற்றுப்போனது ஆகியவற்றையும் காரணமாகச் சொல்வார்கள். லக்வான் மெக்டொனால்டு என்ற 17 வயதுப் பையனைக் காவலர் ஒருவர் 2014 அக்டோபரில் 16 முறை சுட்ட காணொளி, ஓராண்டு கழித்து 2015 நவம்பரில்தான் வெளியில் வந்தது. அதற்குப் பிந்தைய மாதங்களில்தான் இந்தப் படம் திரைக்கு வந்தது. இவற்றில் எது எவ்வளவு பங்கு என்பதில் ஆய்வாளர்களுக்குள் உடன்பாடு இல்லை. ஒரே காரணத்தைச் சுட்டி முடித்துவிடும் எவரையும் நான் சந்தேகத்தோடுதான் கேட்பேன்.

இந்தக் குழப்பத்தை அப்படியே நாற்காலிகளுக்கிடையில் போட்டு வாதாட விட்டதுதான் படத்தின் உண்மையான பலம். தகப்பன் இல்லாத வீடுகளே காரணம் என்கிறது ஒரு குரல். வேலை இல்லாததே காரணம் என்கிறது மற்றொன்று. போலீஸைச் சுட்டுகிறது ஒன்று, பாட்டைச் சுட்டுகிறது இன்னொன்று. எவரும் வெல்வதில்லை. கடை இரண்டாகப் பிரிந்து பாதி பெண்கள் பக்கமாகிவிட்டதால், முன்பு ஆண்கள் மட்டுமே பேசிக்கொண்டிருந்த பல சமாதானங்களுக்கு இப்போது உடனுக்குடன் எதிர்வாதம் கிடைக்கிறது. ரெஜினா ஹாலின் பாத்திரம் அந்தப் பக்கத்தின் எஜமானி. திரைக்கதை எழுத்தாளர்கள் கென்யா பாரிஸ், டிரேசி ஆலிவர் என்ற ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக அமைந்தது இதற்கு உதவியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். துப்பாக்கியோடு உள்ளே வரக் கூடாது என்ற கடை விதியும், விரோதக் கும்பல்களைச் சேர்ந்தவர்கள் ஒரே சமயத்தில் உள்ளே வந்துவிடும்போது அறையின் காற்றே மாறிவிடுவதும், அதற்கு முந்தைய நிமிடம்வரை நாம் சிரித்துக்கொண்டிருந்ததால் மட்டுமே அடிவயிற்றைப் பிடிக்கின்றன. இரண்டு படங்களாக நாம் பழகிய அறை அது. நமக்குத் தெரிந்த நாற்காலி, நமக்குத் தெரிந்த கிழவர். புதிதாக ஒரு சோகப்படம் எடுத்து அந்த அறையைக் கட்டியிருந்தால், முதல் முக்கால் மணி நேரம் எங்களை நம்புங்கள் என்று கேட்பதிலேயே போயிருக்கும்.

ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இன்னொரு படமும் இருக்கிறது. மால்கம் டி. லீயின் உறவினரான ஸ்பைக் லீ, இதே நகரின் இதே துயரத்தை வைத்து, 'பார்பர்ஷாப்' வெளியாவதற்குச் சில மாதங்கள் முன்பு 2015 டிசம்பரில் 'ஷை-ராக்' என்ற படத்தைத் தந்தார். கி.மு. 411இல் அரிஸ்டோஃபனீஸ் எழுதிய 'லைசிஸ்ட்ராட்டா' என்ற கிரேக்க நகைச்சுவை நாடகத்தைச் சவுத் சைடுக்குக் கொண்டுவந்து, ஆண்கள் துப்பாக்கியைக் கீழே போடும்வரை பெண்கள் படுக்கையைப் புறக்கணிப்பதாகக் கதை. வசனம் பெரும்பாலும் எதுகையோடு கூடிய செய்யுள் நடை. துணிச்சலான படம்தான். ஆனால் சிகாகோவை ஈராக்கோடு ஒட்டவைத்த அந்தத் தலைப்பே நகரசபை வரை சர்ச்சையைக் கிளப்பியது. சிகாகோக்காரர்கள் பலர் தங்களைப் பற்றி வெளியூர்க்காரர் ஒருவர் மேடையில் நின்று பிரசங்கம் செய்வதாக உணர்ந்தார்கள். மால்கமும் நியூயார்க்காரர்தான், ஆனாலும் அவர் படத்துக்கு அந்த எதிர்ப்பு வராததற்கு, அவர் மேடையில் ஏறாமல் கடைக்குள் போய் உட்கார்ந்தது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ரஷாத் என்ற முடிவெட்டுபவராக நடித்த காமன், சவுத் சைடில் பிறந்து வளர்ந்த ராப் கலைஞர் என்பதும் துணை செய்திருக்கும்.

இனி படம் தடுக்கி விழும் இடங்கள். கால்வினும் சகாக்களும் 48 மணி நேரப் போர்நிறுத்தம் ஒன்றுக்குக் கும்பல்களைச் சம்மதிக்க வைத்து, அந்த வார இறுதி முழுவதும் இலவசமாக முடிவெட்டுகிறார்கள். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. படமாக்கியதும் விளம்பரப் படத்தின் வேகத்தில் ஓடிவிடுகிறது. சமூக வலைத்தளங்களில் செய்தி பரவுவதும், பிரபலம் ஒருவர் கடைக்கு வருவதும், கூட்டம் சேர்வதும் பாட்டுப் பின்னணியில் வெட்டி ஒட்டப்பட்டுக் கடந்துபோகின்றன. நாற்காலி வாக்குவாதத்தில் இருந்த கடினம் இங்கே கரைந்துவிடுகிறது. அந்தப் போர்நிறுத்தத்தின் நடுவிலேயே, கடைக்கு வந்து போய்க்கொண்டிருந்த ஒரு நல்ல பையன் சுடப்பட்டு இறக்கிறான் என்பதுதான் படத்தைக் காப்பாற்றுகிறது. செய்தி வந்ததும் கடை அடங்கிப்போகும் அந்தச் சில நிமிடங்களில் எவரும் நகைச்சுவை செய்வதில்லை. ரஷாத், அவன் மனைவி, நிக்கி மினாஜ் நடித்த பெண் ஆகிய மூவரின் முக்கோணக் கதை வேறு ஏதோ படத்திலிருந்து வழிதவறி வந்தது போல் இருக்கிறது. அதை முழுதாக எடுத்துவிட்டாலும் படத்துக்கு ஒரு நஷ்டமும் வராது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். முதல் இரண்டு படங்கள் சிகாகோவிலேயே எடுக்கப்பட்டவை. மூன்றாவதன் பெரும்பகுதி அட்லாண்டாவில் எடுக்கப்பட்டது. ஜார்ஜியா மாநிலம் படப்பிடிப்புக்கு 30 சதவீதம் வரை வரிச்சலுகை தருகிறது என்பதால் அது கணக்குப் பார்த்த முடிவு, குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் முதல் படத்தில் வாய் திறந்தால் வெளிவரும் குளிர்காலப் புகையையும், தெருவோரத்து அழுக்குப் பனியையும் அறிந்தவனுக்கு மூன்றாவது படத்தின் தெரு கொஞ்சம் வெளிறித்தான் தெரியும். ஊரைவிட்டுப் போகாதே என்று சொல்லும் படமே ஊரைவிட்டுப் போய்த்தான் எடுக்கப்பட்டது என்பதை நினைத்து நான் தனியாகச் சிரித்ததுண்டு.

நம்மவர் கவனிக்க வேண்டிய ஒரு பாத்திரமும் படத்தில் இருக்கிறது. உட்கர்ஷ் அம்புட்கர் நடித்த ராஜா, கறுப்பர் கடையில் முடிவெட்டும் இந்திய வம்சாவளி இளைஞன். நாட்டுக்கே ஒரு கறுப்பர் அதிபராக இருக்கும்போது உங்களுக்கு இன்னும் என்ன குறை என்ற தோரணையில் அவன் வாயைக் கொடுக்க, கடை அவனைத் திருப்பிப் பிடித்துக்கொள்ளும். நம் குடும்பங்களில் அமெரிக்கா போன மாமாக்களும் சித்தப்பாக்களும் விருந்துக்குப்பின் சாய்ந்துகொண்டு சொல்வதைத்தான் அவன் சொல்கிறான். அந்தக் காட்சியில் நான் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தாலும் என் கழுத்தில் துணி கட்டப்பட்டிருப்பது போலவே உணர்ந்தேன்.

கடை ஒன்று ஊரைக் காப்பாற்றுவதெல்லாம் சினிமாவில்தான் என்றும் எழுதியிருந்தீர்கள். பாதி சரி. சிகாகோவிலேயே, தொற்றுநோய் மருத்துவரான கேரி ஸ்லட்கின் தொடங்கிய 'சீஸ்ஃபயர்' என்ற திட்டம் 2000ஆம் ஆண்டு முதல் நடந்து வந்தது. வன்முறையைத் தொற்றுநோய் போலக் கருதி, முன்னர் கும்பல்களில் இருந்து வெளிவந்தவர்களையே வேலைக்கு அமர்த்தி, பழிவாங்கல் கிளம்பும் இடத்தில் குறுக்கே போய் நின்று பேச வைப்பது அதன் முறை. சில இடங்களில் துப்பாக்கிச் சூடு குறைந்ததாக ஆய்வுகள் காட்டின, சில இடங்களில் காட்டவில்லை. ஆக, படத்தின் போர்நிறுத்தம் வானத்திலிருந்து குதித்த யோசனை அன்று. அதன் இரண்டு நாள் வேகம்தான் கற்பனை. சலூனின் செல்வாக்கு பற்றியோ இன்னும் உறுதியான சான்று ஒன்று பின்னாளில் வந்தது, துப்பாக்கியோடு தொடர்பில்லாத துறையில். லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் 52 கறுப்பர் சலூன்களில், இரத்த அழுத்தம் கட்டுக்கடங்காமல் இருந்த 319 ஆண்களை வைத்து ரொனால்டு விக்டர் என்ற மருத்துவர் குழு நடத்திய ஆய்வு 2018இல் வெளியானது. மருந்தாளுநர்கள் சலூனுக்கே வந்து மாத்திரை எழுதிக் கொடுத்த கடைகளில், ஆறு மாதத்தில் மேல் அழுத்தம் சராசரியாக 27 புள்ளி இறங்கியது; மருத்துவரைப் போய்ப் பாருங்கள் என்று முடிவெட்டுபவர் எடுத்துச் சொன்னதோடு நின்ற கடைகளில் 9 புள்ளிதான் இறங்கியது. மருத்துவமனைக்குப் போகாத மனிதர் மூன்று வாரத்துக்கு ஒருமுறை அந்த நாற்காலிக்கு வருகிறார், அங்கே சொன்னால் கேட்கிறார் என்பதை இது நிரூபித்தது. கூடவே, சொல்வது மட்டும் போதாது, கையில் மாத்திரையோடு ஓர் ஆளும் வர வேண்டும் என்பதையும் நிரூபித்தது.

கரிசனமா வியாபாரமா என்ற கேள்வியைத் தவிர்க்க நான் விரும்பவில்லை. வசூலைப் பாருங்கள். அமெரிக்காவில் முதல் படம் 7.5 கோடி டாலரைத் தாண்டியது, இரண்டாவது 6.5 கோடி அளவில் நின்றது, மூன்றாவது 5.4 கோடி அளவில். கறுப்பர் நகைச்சுவைப் படங்கள் வெளிநாடுகளில் ஓடாது என்பது ஹாலிவுட்டின் பழைய நம்பிக்கை. இந்தப் படத்துக்கு வெளிநாட்டில் கிடைத்தது சொற்பமே. இப்படி இறங்குமுகமாக இருக்கும் வரிசைக்கு, துப்பாக்கிச் சாவை நடுவில் வைப்பது கல்லாவை நிரப்பும் உத்தி என்று எந்தத் தயாரிப்பாளரும் நினைத்திருக்க முடியாது. எடியையும் நான்கு நாற்காலிகளையும் வைத்துப் பழைய வெடிகளையே மறுபடி கொளுத்தியிருந்தால் செலவும் குறைவு, ஆபத்தும் குறைவு. மூன்று படங்களையும் தயாரித்த ராபர்ட் டீட்டலும் ஜார்ஜ் டில்மனும் சிகாகோவில் சினிமா படித்தவர்கள்; நிறுவனத்துக்கே அந்நகரின் ஸ்டேட் ஸ்ட்ரீட் தெருவின் பெயரை வைத்தவர்கள். இவற்றை வைத்து, பிழைப்புக்காக எடுத்த படத்துக்குள் ஊர்ப்பாசத்தையும் கொண்டுவந்து வைத்தார்கள் என்று நான் தீர்மானிக்கிறேன். இது என் தீர்மானம்தான். நீங்கள் வேறுமாதிரி நினைக்கலாம். ஆனால் ஒரு துயரத்தைக் காட்டிப் பணம் சம்பாதித்ததாலேயே அது போலியாகிவிடும் என்றால், உலகில் பாதி நல்ல நாடகங்களை நாம் தள்ளிவைக்க வேண்டியிருக்கும்.

பாதியில் நிறுத்திய படத்தை மறுபடி எடுப்பதாக இருந்தால், தொடக்கத்திலிருந்து பார்க்க வேண்டாம். முதலில் இரண்டாம் படத்தின் 1968 காட்சியை மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அதன்பின் மூன்றாவதில், கால்வினுக்கும் மகன் ஜேலனுக்கும் மனத்தாங்கல் முற்றும் இடத்திலிருந்து தொடருங்கள். கடையைக் கொளுத்த வந்தவர்களிடமிருந்து அதைக் காக்க ஒரு காலத்தில் வாசலில் நின்றிருந்த அதே எடி, இப்போது தாடி நரைத்து அந்த இலவச நாற்காலியில் உட்கார்ந்து, கால்வின் கடையை எடுத்துக்கொண்டு கிளம்பப் போகிறானா என்று பார்த்துக்கொண்டிருப்பார். வழக்கம்போல அன்றைக்கும் அவருக்கு வாடிக்கையாளர் ஒருவரும் இருக்கமாட்டார்.